டிசம்பர் 22: ‘இந்த நாள்’ பகுதி குறித்து ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் நாள்தோறும் வெளியாகும் ‘இந்த நாள்’ பகுதியைத் தவறாமல் படித்துவரும் வாசகர்களுள் நானும் ஒருவன். பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளுக்கும் செய்திச் சுருக்கத்துக்கும் அடுத்தபடியாக மாணவர்கள் வாசிக்கும் ‘இன்றைய சிறப்பு’ பெரும்பாலும் அந்தப் பகுதியைப் பார்த்தே எழுதப்படுகிறது என்பதைக் கணித ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் நான் நேரில் கண்டிருக்கிறேன். பாடப்புத்தகத்துக்கு வெளியே வரலாற்றோடு நம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஏற்படும் தொடர்பு அந்த நான்கைந்து வரிகள்தான் என்று சொன்னால் அது மிகையாகாது. அந்தப் பகுதி இன்னும் நல்ல முறையில் அமைய வேண்டும் என்ற ஆவலால், டிசம்பர் 22 என்ற ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எப்படி எழுதலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால் தனுஷ்கோடியைப் பற்றிய பத்திகளை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

டிசம்பர் 22 அன்று இத்தகைய பகுதிகளில் வழக்கமாக அச்சாகும் செய்திகள் எல்லாருக்கும் தெரிந்தவைதாம். தேசியக் கணித நாள். 1887, கணித மேதை இராமானுஜன் பிறப்பு. 1853, அன்னை சாரதா தேவி பிறப்பு. 1666, குரு கோவிந்த் சிங் பிறப்பு. 1858, இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி பிறப்பு. இவற்றில் பிழையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் ஆண்டும் பெயரும் மட்டும் அடுக்கப்படும்போது, வாசிக்கும் பிள்ளைக்கு அவற்றில் எதுவும் மனத்தில் தங்குவதில்லை; மறுநாள் வேறு ஐந்து பெயர்கள் வந்து முதல் ஐந்தையும் துடைத்துவிடுகின்றன. ஒரு நாளில் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொண்டு, அது ஏன் நினைக்கத் தக்கது என்பதைச் சொல்லிவிட்டால் போதும் என்பதே என் கருத்து.

இராமானுஜனையே எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்து, கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்தவர் அவர். தந்தையார் புடவைக் கடையொன்றில் கணக்கெழுதியவர். நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் பெற்ற அந்த மாணவர், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்ற பாடங்களைக் கவனியாமல் உதவித்தொகையை இழந்தார்; பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. என்ற அக்காலக் கல்லூரி இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தார். 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம், ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் கணக்குப் பிரிவு எழுத்தர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டே தொடங்குகிறது. அதற்கு முன் கேம்பிரிட்ஜின் வேறு இரு பேராசிரியர்களுக்கு எழுதியும் பயன் கிடைக்கவில்லை. 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்ற கப்பலில் புறப்பட்டார். 1918இல் இலண்டனில் உள்ள அறிவியல் அறிஞர்களின் அமைப்பான இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1919இல் உடல்நலம் குன்றித் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானபோது அவருக்கு வயது 32.

இந்த வாழ்க்கையை எழுதுவோர் பலர் அவருடைய குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களைச் சொன்னார் என்ற செய்திக்கு முதலிடம் தருகிறார்கள். அவருடைய பக்தியை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரே அதை மறைத்ததில்லை. ஆனால் கனவை மட்டும் கேட்டு வளரும் மாணவன், கணிதம் என்பது யாருக்கோ எங்கிருந்தோ அருளப்படுவது என்றே எண்ணிக்கொள்கிறான். திண்ணையில் அமர்ந்து நாள் முழுதும் சிலேட்டில் எழுதி எழுதி அழித்த உழைப்பு அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவரைத் தாங்கிப் பிடித்த மனிதர்களும் தெரிவதில்லை. வேலையில்லாமல் அலைந்தபோது மாதந்தோறும் பணம் தந்த நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ், துறைமுக அலுவலகத்தில் அவரோடு அமர்ந்து கணக்குகளைப் படித்த தலைமைக் கணக்கர் நாராயண ஐயர், எழுத்தர் ஒருவரின் திறமைக்காகப் பல்கலைக்கழகத்தில் பரிந்து பேசிய துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கணவர் மறைந்த பிறகு தையல் வேலை செய்து தம் காலில் நின்று, 1994 வரை வாழ்ந்த அவருடைய மனைவி ஜானகி அம்மாள் ஆகியோரின் பெயர்கள் டிசம்பர் 22 அன்று ஒரு வரியிலாவது இடம்பெறத் தக்கவை.

1729 என்ற எண்ணின் கதை எல்லாருக்கும் மனப்பாடம். அதற்குப் பதிலாக ஒரு முறை எண் பிரிவினைகளைப் பற்றி எழுதிப் பாருங்கள்; ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது புரியும். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 9ஐ இப்படிப் பிரித்தால் 30 வகை. 14ஐப் பிரித்தால் 135 வகை. 4, 9, 14, 19 என்று நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எந்த எண்ணை எடுத்தாலும் பிரிவினைகளின் எண்ணிக்கை ஐந்தால் மீதியின்றி வகுபடும் என்று கண்டவர் இராமானுஜன். எண் பெரிதாகப் பெரிதாக இந்த எண்ணிக்கை எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதும் பிள்ளைகளை வியக்கவைக்கும்: 100ஐ 19,05,69,292 வகையாகப் பிரிக்கலாம், 200ஐ 39,72,99,90,29,388 வகையாகப் பிரிக்கலாம். இந்த இரண்டாம் எண்ணை மெக்மேகன் என்ற கணித அறிஞர் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்ட சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது கிடைத்த விடைக்கும் அதற்கும் இருந்த வேறுபாடு வெறும் 0.004. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டிய ஒவ்வொரு முறையும், கணக்கென்றாலே தலைகுனியும் பிள்ளைகள்கூடத் தாமாகவே 5ஐயும் 6ஐயும் பிரித்துப் பார்க்கத் தொடங்குவார்கள். 5க்கு 7 வகை, 6க்கு 11 வகை என்று அவர்கள் கண்டுபிடித்துச் சொல்லும் குரலில் இருக்கும் மகிழ்ச்சியைக் கேட்டவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே ஒரு நடைமுறைத் தடையையும் குறிப்பிட வேண்டும். இராமானுஜனின் 125ஆம் பிறந்த ஆண்டுக் கொண்டாட்டத்தை 2011 டிசம்பர் 26 அன்று சென்னையில் தொடங்கிவைத்த அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், டிசம்பர் 22ஐத் தேசியக் கணித நாளாக அறிவித்தார். நம் மாநிலத்திலோ பெரும்பாலான ஆண்டுகளில் அந்த நாள் அரையாண்டுத் தேர்வின் கடைசி நாட்களிலோ அதை ஒட்டிய விடுமுறையிலோ வந்துவிடுகிறது. கணிதத்துக்கென்று நாடு ஒதுக்கிய நாளில் நம் பிள்ளைகள் தேர்வுத்தாளோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது வீட்டில் இருக்கிறார்கள். காலை வழிபாட்டுக் கூட்டமே நடப்பதில்லை. ஆகவே கணித நாளுக்கான கட்டுரையைத் தங்கள் மாணவர் இணைப்பில் டிசம்பர் முதல் வாரத்திலேயே வெளியிட்டால், தேர்வுப் பரபரப்புக்கு முன் ஆசிரியர்கள் அதை வகுப்பில் பயன்படுத்த முடியும்.

அதே நாளில் வானத்தில் நடப்பதையும் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். சூரியன் தெற்கே தன் கடைசி எல்லையை எட்டித் திரும்பும் நாள், இந்திய நேரப்படி ஆண்டுக்கேற்ப டிசம்பர் 21 அல்லது 22. வட அரைக்கோளத்தில் பகல் மிகக் குறுகியிருப்பது அன்றுதான். சூரியன் மிக முன்னதாக மறைவதும் மிகத் தாமதமாக உதிப்பதும் அன்றே என்று பலர் எண்ணுகிறார்கள். நம் ஊர்களில் அப்படி நடப்பதில்லை. சென்னையில் சூரியன் மிக முன்னதாக மறைவது நவம்பரின் பிற்பகுதியில். மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரியின் பிற்பகுதியில். ஆண்டு முழுவதும் சூரியன் உச்சிக்கு வரும் நண்பகல் ஒரே கடிகார நேரத்தில் வருவதில்லை என்பதே இதற்குக் காரணம். தங்கள் நாளிதழில் தினமும் அச்சாகும் சூரிய உதய, அத்தமன நேரங்களைக் கத்தரித்து ஒட்டிவந்தாலே ஒரு மாணவர் இதைத் தாமாகக் கண்டுகொள்ளலாம். ஒரு மீட்டர் நீளக் கழியைச் சமதரையில் செங்குத்தாக நட்டு, அன்றைய உச்சிப்பொழுதில் நிழலை அளந்தால் இராமநாதபுரத்தில் ஏறத்தாழ 64 செ.மீ. இருக்கும், சென்னையில் 74 செ.மீ.; கன்னியாகுமரியில் 61 செ.மீ. இராமநாதபுரத்தில் உச்சிப்பொழுது பன்னிரண்டே கால் மணி வாக்கில் வரும். இரண்டு ஊர்களின் நிழல் நீளத்தையும் அவற்றுக்கு இடையே தெற்கு வடக்காக உள்ள தொலைவையும் கொண்டு பூமியின் சுற்றளவையே கணக்கிட்டுவிடலாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் எகிப்தில் செய்ததும் இதே முறையில்தான். தங்கள் நாளிதழுக்கு மாநிலமெங்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் அவர்கள் அளந்து அனுப்பும் நிழல்களைத் தொகுத்து வெளியிட்டால், இராமானுஜன் பிறந்த நாளுக்கு அதைவிடச் சிறந்த கொண்டாட்டம் எனக்குத் தோன்றவில்லை.

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பரில் என்றால் நாம் உத்தராயணத் தொடக்கத்தைத் தை முதல் நாளில் கொண்டாடுவது ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். பூமியின் அச்சு மிக மெதுவாகத் தலையசைப்பதால், விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட நம் பஞ்சாங்கக் கணக்கும் பருவங்களை அடிப்படையாகக் கொண்ட கணக்கும் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் விலகிவருகின்றன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் இரண்டும் ஒன்றாக இருந்தன. இன்று இடைவெளி 24 பாகையை ஒட்டி இருக்கிறது. சுவாமி விவேகானந்தர் மகர சங்கராந்தியன்று பிறந்தவர். அது 1863 ஜனவரி 12. இன்று அதே சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15 அன்று வருகிறது. பஞ்சாங்கச் சீர்திருத்தத்துக்காக 1952இல் அமைக்கப்பட்ட, வானியற்பியல் அறிஞர் மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரையால் 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியில், பௌஷ மாதம் முதல் நாள் டிசம்பர் 22ஆகவே அமைக்கப்பட்டிருக்கிறது. அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் மட்டும் உயிரோடிருக்கும் அந்த நாட்காட்டியை நினைவுபடுத்தவும் இது பொருத்தமான நாள்.

பிறந்த நாட்களிலும் இந்தக் கணக்கு வேற்றுமை உண்டு. பாட்னாவில் பிறந்த குரு கோவிந்த் சிங்கின் பிறந்த நாளாகச் சொல்லப்படும் 1666 டிசம்பர் 22 என்பது பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதி. இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் 1667 ஜனவரி 1 ஆகும். சீக்கியர்கள் தங்கள் மரபு நாட்காட்டிப்படியே அதைக் கொண்டாடுகிறார்கள். சாரதா தேவியின் பிறந்த நாளை இராமகிருஷ்ண மடங்களில் திதி பார்த்துக் கொண்டாடுவதால் அது ஆண்டுதோறும் வெவ்வேறு தேதியில் வருகிறது. மார்கழி ஏழாம் நாளுக்குரிய திருப்பாவைப் பாசுரம் பெரும்பாலும் டிசம்பர் 22 அன்று நம் ஊர்க் கோயில்களில் ஒலிப்பதும், சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளிப்போவதும் இத்தகைய நாட்காட்டி வேற்றுமையால்தான். தேதியை அச்சிடும்போது அது எந்த நாட்காட்டிப்படி என்பதையும் அடைப்புக்குள் குறித்துவிட்டால், வீட்டில் பெரியவர்கள் சொல்வதும் நாளிதழ் சொல்வதும் முரண்படுவதாகப் பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

சாரதா தேவியைப் பற்றி எழுதும்போது ஜெயராம்பாடியில் பிறந்தார் என்பதோடு நிறுத்தாமல், 1911இல் அவர் தென்னாட்டுக்கு வந்ததையும் சொல்லலாம். சென்னைக்கும் மதுரைக்கும் வந்த அவர் இராமேஸ்வரத்துக்கும் வந்து, சேதுபதி மன்னரின் ஏற்பாட்டில் இராமநாதசுவாமியை வழிபட்டார். பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்றுதான் திறக்கப்பட்டது. ஆகவே அந்த அம்மையார் கடலைக் கலத்தில்தான் கடந்திருக்க வேண்டும். விவேகானந்தர் கொழும்பிலிருந்து திரும்பி 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கியதை எங்கள் மாவட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். அன்னையின் வருகையைச் சொல்வோர் குறைவு.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுத முதன்மையான காரணத்துக்கு வருகிறேன். 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. தென் அந்தமான் கடலில் 17ஆம் தேதி தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு, பெரும்புயலாக வலுப்பெற்று, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்றிரவு பாக் நீரிணையில் இறங்கித் தனுஷ்கோடியைத் தாக்கியது. ஏழு மீட்டர் வரை எழுந்ததாகச் சொல்லப்படும் கடல், ஒருபுறம் மன்னார் வளைகுடாவும் மறுபுறம் பாக் நீரிணையும் கொண்ட அந்த ஒடுங்கிய மணல் திட்டின் மீது ஏறியது. ஓடி ஏற மேடில்லாத நிலம் அது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்ட 653 எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கிய நிலையில் பெட்டிகளோடும் பயணிகளோடும் அலைக்குள் போயிற்று. அதில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவர்களும் இருந்ததால் சரியான எண்ணிக்கையை எவராலும் சொல்ல முடியவில்லை. ஒருவரும் பிழைக்கவில்லை. இரு நாடுகளிலுமாக இறந்தோர் 1,800 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது.

ரயில் நிலையம், துறைமுகம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், தேவாலயம், கோயில், பள்ளி, சத்திரங்கள் என எல்லாம் இருந்த ஊர் தனுஷ்கோடி. சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயில் என்ற ரயில் அங்கே முடிய, பயணிகள் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி மீண்டும் ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். 1914 முதல் அரை நூற்றாண்டுக் காலம் இரண்டு நாடுகளுக்கும் வாசலாக இருந்தது அந்த ஊர். புயலுக்குப் பிறகு மக்கள் வாழத் தகுதியற்ற இடமென்று அரசு அறிவித்தது. ரயில் பாதை மீண்டும் அமைக்கப்படவே இல்லை. கப்பல் போக்குவரத்து இராமேஸ்வரத்துக்கு மாறி, எண்பதுகளின் முற்பகுதியோடு அதுவும் நின்றுபோயிற்று. புயலுக்கு ஏறத்தாழ ஏழு வாரம் முன்னர், 1964 அக்டோபர் 30 அன்று, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தோட்டங்களில் உழைத்த 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களின் முன்னோரில் பலர் புறப்பட்டுப் போன கரையை நோக்கி அவர்கள் திரும்பிய காலத்தில் தனுஷ்கோடி இல்லை; தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். புயலின் கதையையும் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லாமல் தனுஷ்கோடியின் இழப்பை முழுதாகச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் பெரும்பாலானவற்றின் இரும்பு உத்திரங்கள் அன்றிரவு கடலில் வீழ்ந்தன. கப்பல்களுக்கு வழிவிடும் நடுத் தூக்குப் பாலம் தப்பி நின்றது. அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, கடலடியில் கிடந்த உத்திரங்களை மீனவர்களின் உதவியோடு கண்டெடுத்து, ஆறு மாதம் ஆகும் என்று கருதப்பட்ட பணியை மூன்று மாதத்துக்குள் முடித்துவைத்தார். அந்தப் பாலத்துக்கு அருகிலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டபோது எல்லா இதழ்களும் பக்கம் பக்கமாக எழுதின. அந்தப் பக்கங்களில் 1964க்குக் கிடைத்தது சில வரிகளே.

இப்போது தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. நாள்தோறும் வேன்களிலும் கார்களிலும் வரும் மக்கள், இடிந்த தேவாலயச் சுவரின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே நடந்தது என்ன என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால்கூடப் பலருக்குப் புயல் என்ற சொல்லைத் தவிர வேறு விவரம் தெரிவதில்லை. ‘இந்த நாள்’ பகுதியில் பாரிசும் லண்டனும் நியூயார்க்கும் இடம்பெறும் டிசம்பர் 22 அன்று, நம் மாநிலத்தின் ஒரு ஊரே மறைந்த இரவு பல ஆண்டுகளில் இடம்பெறாமலே போவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

வெளிநாட்டுச் செய்திகள் வேண்டாம் என்பது என் கருத்தன்று. பொருளோடு சொன்னால் அவையும் நமக்கு உரியவையே. 1894 டிசம்பர் 22 அன்று ஆல்பிரட் டிரைபஸ் என்ற யூத இராணுவ அதிகாரிக்குச் செய்யாத குற்றத்துக்காகப் பிரெஞ்சு இராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. எழுத்தாளர் எமிலி சோலா 1898 ஜனவரி 13 அன்று நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்தில் குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் அந்த வழக்கை நாடு முழுவதும் பேசவைத்தது. 1906இல் டிரைபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. செய்தித்தாளில் வெளியாகும் ஒரு கடிதத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. 1938 டிசம்பர் 22 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில், சிறிய அருங்காட்சியகம் ஒன்றின் இளம் பொறுப்பாளரான மார்ஜோரி கோர்ட்னி லாட்டிமர், மீன்பிடிக் கப்பலில் குவிந்து கிடந்த மீன்களுக்கிடையே நீலநிறச் செதில்கள் கொண்ட ஒரு பெரிய மீனைக் கண்டார். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாக அறிவியல் கருதிய சீலகாந்த் அது. அவர் படம் வரைந்து அனுப்பிய கடிதத்தைக் கண்டு மீனியல் அறிஞர் ஸ்மித் அதை அடையாளம் கண்டார். அந்த மீன் இனத்துக்கு லாட்டிமரின் பெயரே சூட்டப்பட்டது. கடலோர மாவட்டங்களில் மீன் வகைகளைப் பெயர் சொல்லி அறிந்த பிள்ளைகள் இதை எவ்வளவு ஆர்வத்தோடு கேட்பார்கள் என்பதை நான் அறிவேன்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் அச்சிட இடமிருக்காது, அச்சிடவும் வேண்டியதில்லை. ஓர் ஆண்டு இராமானுஜனின் பிரிவினைகள், மறு ஆண்டு நிழலளவை, அதற்கடுத்த ஆண்டு டிரைபஸ் அல்லது சீலகாந்த் என்று முறை வைத்து, எடுத்துக்கொண்ட ஒன்றை நிறைவாகச் சொல்லலாம். ஆண்டுதோறும் மாறாமல் இருக்க வேண்டியது தனுஷ்கோடி ஒன்றுதான். ஒவ்வொரு மாவட்டப் பதிப்பிலும் அந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு நிகழ்ச்சியைச் சேர்ப்பதும் தங்களுக்குக் கடினமாக இராது. உள்ளூர் ஆசிரியர்களிடமும் நூலகர்களிடமும் கேட்டால் மகிழ்ந்து தருவார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1964இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். தனுஷ்கோடியில் பிறந்து, அந்த இரவில் தப்பி, இராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் குடியேறிய குடும்பங்களில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரயில்வேயிலும் துறைமுகத்திலும் அஞ்சலகத்திலும் அங்கே பணியாற்றியவர்களின் பிள்ளைகள் மாநிலத்தின் பல ஊர்களில் இருக்கக்கூடும். தலைமன்னார், மன்னார் பகுதிகளில் அதே புயலைக் கண்டவர்களும் இருப்பார்கள். தங்கள் நிருபர்கள் அவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே பதிவுசெய்து, அடுத்த டிசம்பர் 22 அன்று ஒரு முழுப் பக்கமாக வெளியிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இராமேஸ்வரம் தீவில் அத்தகைய பெரியவர்கள் சிலரை நான் அறிவேன். அவர்கள் இசைந்தால் தங்கள் நிருபரை அவர்களிடம் அழைத்துச் செல்ல ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
இராமநாதபுரம் மாவட்டம்.